பெலத்து வாசிக்க முடியாத பியானோ

அண்ணை,

இன்று பின்னேரம் குசினியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். வானொலியில் ஒரு பியானோக்காரி பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டிலிருந்து கோபன்ஹேகனுக்கு வாசிக்க வந்தவளாம். பழைய பிரெஞ்சுப் பியானோ ஒன்றை ஊர் ஊராகத் தேடி வாங்கியிருக்கிறாளாம். "மேலே ஒரு குரல், நடுவில் ஒரு குரல், கீழே இன்னொரு குரல். ஒரு வீட்டுக்குள் மூன்று பேர் கதைக்கிற மாதிரி இருக்கும்" என்றாள். பேட்டி எடுத்தவனுக்கு அதிசயம். பிரெஞ்சுப் பியானோக்களைப் பெரிய கச்சேரி மண்டபங்கள் கைவிட்டு எவ்வளவோ காலமாயிற்றே என்று கேட்டான். இப்போது பல நாடுகளில் வாசிக்கிறவர்கள் திரும்பவும் அதைத்தான் தேடுகிறார்கள் என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

நான் கத்தியை வெட்டுப்பலகையில் குத்தி நிறுத்திவிட்டு வானொலியைப் பார்த்துக் கத்தினேன். "இப்பவோ வந்து சொல்லுறாய்? இவ்வளவு நாளும் எங்கையடி போயிருந்தனீ?" அறைக்குள் இருந்து மகள், அம்மா யாரோடு சண்டை என்று டேனிஷில் கேட்டாள். வானொலியோடு என்றேன். அவளுக்கு அது புதினமில்லை.

நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் எனக்குப் போன் எடுத்திருப்பீர்கள். "கேட்டியா புள்ள? நான் சொல்லக்குள்ள ஒருத்தரும் நம்பல்ல" என்று காது கிழியக் கத்தியிருப்பீர்கள். தை மாதம் உங்களைப் புதைத்துவிட்டு வந்ததிலிருந்து அப்படிக் கத்த எனக்கு ஆளில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டோஸ்ட்ருப்பில் நாங்கள் வேலை செய்த முதியோர் இல்லத்தில் நீங்கள் சமையல், நான் பராமரிப்பு. நான் யாழ்ப்பாணத்துச் சைவக்காரி, நீங்கள் மட்டக்களப்புக் கத்தோலிக்க வேதக்காரர். ஊரில் என்றால் ஒரு மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்திருப்போமோ தெரியாது. இங்கே அந்தக் கட்டடம் முழுக்க வேறு தமிழ் முகம் கிடையாது. முதல் கிழமையே உருளைக்கிழங்குக்கு உப்புப் போதாது என்று நான் சண்டை பிடித்தேன். நீங்கள் அகப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். அப்படித்தான் நாங்கள் சிநேகிதமானோம்.

இல்லத்தின் பொது அறையில் ஒரு ஜேர்மன் பியானோ நின்றது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஏப்ரனைக் கழற்றாமலே அதில் போய் இருப்பீர்கள். அங்கே வசித்த இங்கர் கிழவி சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்துவிடுவா. வாழ்நாள் முழுக்கப் பியானோ படிப்பித்தவ. நீங்கள் வாசித்து முடித்ததும் ஜேர்மன் பியானோவைத் தட்டிக் காட்டி, "நல்ல பெட்டி. ஆனா பிரெஞ்சுப் பியானோ மாதிரி வராது" என்று உங்கள் உடைந்த டேனிஷில் சொல்வீர்கள். அவ்வளவுதான், இங்கருக்குச் சன்னதம் வந்துவிடும்.

தன் குருவின் குரு காலத்தில் கோபன்ஹேகனில் பாரிஸ் பியானோ என்றால் எல்லோரும் வாய் பிளப்பார்களாம். பெரிய பெரிய வித்துவான்கள் அதைத்தான் கேட்பார்களாம். பிறகு மண்டபங்கள் பெருத்தன, ஜேர்மன்காரனும் அமெரிக்கனும் பெலத்த பியானோ செய்தார்கள், பிரெஞ்சுக்காரன் பழைய மாதிரியே செய்துகொண்டிருந்தான், கதை முடிந்தது. "மெல்லிய மரம், மெல்லிய சத்தம். வரவேற்பறையில் இருந்து இருமுகிற பெண்களுக்காகச் செய்தது. மண்டபத்தில் வைத்தால் மண்டபம் அதைத் தின்றுவிடும்" என்பா. நீங்கள் என் பக்கம் திரும்பி, "கத்துறதுக்கு வேற ஆக்கள் இரிக்காங்க எண்டு இவவுக்குச் சொல்லு புள்ள" என்பீர்கள். நான் மொழிபெயர்ப்பேன். இங்கர் தன் கைத்தடியால் உங்கள் முழங்காலில் அடிப்பா.

உங்கள் பிடிவாதத்தின் காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மட்டக்களப்பில் நீங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுச் சாமிமார் கொண்டுவந்த பியானோ ஒன்று இருந்ததாம். உலகத்திலேயே சிறந்தது இதுதான் என்று அவர்கள் சொன்னதை நீங்களும் உங்கள் தங்கச்சி ஜெசிந்தாவும் அப்படியே நம்பினீர்கள். ஒரே ஸ்டூலில் ஆளுக்குப் பாதி இருந்து, நீங்கள் கீழ்க்கட்டை, அவள் மேல்கட்டை. ஒருநாள் ஷெல் விழுந்து கூரையும் பியானோவும் ஒன்றாகப் போயின. நீங்கள் டென்மார்க்குக்கு வந்தீர்கள். ஜெசிந்தா கிளிநொச்சியில் கலியாணம் முடித்து, அங்கேயே ரீச்சராக இருந்துவிட்டாள். தாய் தகப்பன் போனபிறகு உங்களுக்கென்று மிஞ்சியது அவள் ஒருத்திதான்.

இந்த நாட்டில் பழைய பியானோவை எவரும் சீண்டுவதில்லை. ஆள் செத்துவிட்டால் பிள்ளைகள் "எடுத்துப் போகிறவருக்குச் சும்மா" என்று விளம்பரம் போடுவார்கள். ஒருவரும் வராவிட்டால் கோடரிதான். அப்படி ஒரு விளம்பரத்தில் பிரெஞ்சுப் பெயர் ஒன்றைக் கண்டுவிட்டு நீங்கள் என் மனுசனின் வானைக் கேட்டு ஓடிவந்தது நினைவிருக்கிறதா? வான் ஸ்டார்ட் எடுக்காமல் கரைச்சல் தந்து, நாங்கள் பிந்திப் போனோம். அந்த வீட்டுக்காரன் பியானோவைத் தோட்டத்துக்கு இழுத்து வந்து முதல் வெட்டை வெட்டிவிட்டான். பக்கப் பலகை பிளந்து, உள்ளேயிருந்து கம்பிகள் எல்லாம் முனகின. நீங்கள் வேலியால் பாய்ந்து கோடரிப் பிடியைப் பிடித்துக்கொண்டு தமிழில் கத்தினீர்கள். கறுத்த மனிதன் ஒருவன் தன்னைக் கொல்ல வருகிறான் என்று அவன் நினைத்திருப்பான். அவனும் விடவில்லை. இரண்டு பேரும் புல்லில் விழுந்து உருண்டீர்கள். நான் சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியைக் கையில் எடுத்துவிட்டேன். என் மனுசன் மட்டும்தான் அமைதியாக, "நாங்கள் பியானோ எடுக்க வந்தனாங்கள்" என்று டேனிஷில் சொன்னார்.

அதை உங்கள் வீட்டு மூன்றாம் மாடிக்கு ஏற்றியதில் ஒருவருடைய கால் விரல் நசுங்கியது, படிக்கட்டின் கைபிடி உடைந்தது. சுருதி பார்க்க வந்தவன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, இது பிணம், இதைத் தொடமாட்டேன் என்று போய்விட்டான். நீங்களே கம்பி முறுக்குகிற சாவி ஒன்றைத் தேடி எடுத்து, நாள் கணக்காக ஒவ்வொரு ஆணியாகத் திருகினீர்கள். ஒரு ஞாயிறு இங்கரைக் கூட்டிவந்து அதன் முன்னால் விட்டோம். கொஞ்ச நேரம் வாசித்தா. "நான் சொன்னதுபோலத்தான். மெல்லிசு" என்றா. பிறகு கோட்டை மாட்டிக்கொண்டே, அடுத்த ஞாயிறும் கூட்டிவருவீர்களா என்று கேட்டா.

அடுத்த வருடம் வன்னியில் சண்டை இறுகியது. உங்களுக்குச் சமையலறையில் கத்தி நில்லாது. கரட்டை வெட்டப்போய்ப் பலகையைப் பிளப்பீர்கள். ஜெசிந்தாவின் புருசன் மாசிமாதமே ஷெல்லில் போய்விட்டான். அவள் சனத்தோடு சனமாகக் கடற்கரைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டே போனாள். யாரிடமோ செய்மதிப் போன் வாங்கி இடைக்கிடை எடுப்பாள்.

அவள் கடைசியாக எடுத்த நாள் நானும் உங்கள் வீட்டில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம், வெளியே நல்ல வெயில், கீழே பிள்ளைகள் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டீர்கள். அவளுடைய குரலுக்குப் பின்னால் சத்தம் விழுந்துகொண்டே இருந்தது. பங்கருக்குள் தண்ணி நிற்குதாம், பக்கத்துப் பங்கரில் இருந்தவர்களை அதுக்குள்ளேயே மண் போட்டு மூடியாயிற்றாம். சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள்.

"அண்ணா, ஏதாவது வாசி. பழசு."

போனைப் பியானோவின் மேலே வைத்துவிட்டு, நீங்கள் இருவரும் ஒரே ஸ்டூலில் இருந்து வாசித்த மாதா பாட்டைத் தொடங்கினீர்கள்.

"கேக்கல்ல அண்ணா. அடிச்சிக்கிட்டே இரிக்கான். பெலத்து வாசி."

பெலத்து வாசித்தீர்கள். "இன்னும் பெலத்து" என்றாள். அந்தப் பியானோவில் அதற்குமேல் பெலன் இல்லை. நீங்கள் எழும்பி நின்று, தோளிலிருந்து கையை இறக்கி அடித்தீர்கள். கட்டைகள் குதித்தன, மேலே இருந்த மாதா சொரூபம் விழுந்து தலை உடைந்தது. இங்கர் சொன்னதெல்லாம் உண்மை என்று எனக்கு அப்போது விளங்கியது. எனக்கு அந்தப் பெட்டியை உதைக்கவேண்டும் போலிருந்தது. கம்பியொன்று டப்பென்று அறுந்து உங்கள் கன்னத்தைக் கீறியது. அந்தச் சத்தம் மட்டும் போனில் அவளுக்குக் கேட்டுவிட்டது. பிறகு அவள் சிரித்தாள்.

"அங்கயும் விழுந்திட்டா அண்ணா?"

நீங்களும் சிரித்தீர்கள், கன்னத்தில் ரத்தம் வழிய. லைன் அறுந்தது.

மே மாதம் எல்லாம் முடிந்தது. முகாமுக்கு வந்துசேர்ந்த அயல்வீட்டுக்காரி ஒருத்தி, தன் சொந்தக்காரர் மூலம் உங்களுக்குச் சேதி அனுப்பினாள். ஜெசிந்தா தண்ணி எடுக்கப் பங்கரைவிட்டு வெளியே வந்தவள், திரும்பவில்லை. அவளைத் தானே மூடியதாக அந்தப் பெண் சொன்னாள். மூடுவதற்கு முன் அவளில் எவ்வளவு மிஞ்சியிருந்தது என்பதையும் சொன்னாள். அதை நான் இங்கே எழுதமாட்டேன். நீங்கள் எனக்கு மட்டும்தான் சொன்னீர்கள், குளிர் அறைக்குள் நின்று, இறைச்சிப் பெட்டிகளுக்கு நடுவில். பிறகு, "அழுவதுக்கு ஒரு இடம் வேணும் புள்ள" என்றீர்கள். "வீட்டுக்குள்ள தனிய அழுதா அது கணக்கில்ல. சனத்துக்கு முன்னால அவள்ற பேரைச் சொல்லணும்."

அந்த ஞாயிறு இஷொய் ஊர் மண்டபத்தில் தமிழ்ச்சனம் கூடுவதாக இருந்தது. உங்களையும் வாசிக்கக் கேட்டிருந்தார்கள். ஆனால் ஒழுங்கு செய்த சங்கத்தின் செயலாளர் போன் எடுத்து நிபந்தனை போட்டார். அஞ்சலி என்ற சொல் வரக்கூடாது. இழப்பு என்று ஒருவரும் பேசக்கூடாது. போராட்டம் முடியவில்லை, முடிந்தது என்பது எதிரியின் கதை என்றார். அந்த நாட்களில் எங்கள் சனம் பாதிக்குப் பாதி அப்படித்தான் நின்றது. செத்தவர்களுக்காக அழுதால் தோற்றதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று, செத்தவர்களை உயிரோடு வைத்துக்கொண்டு திரிந்தார்கள். நீங்கள் போனை வைத்தீர்கள். பியானோவை ஏற்ற வான் வேண்டும் என்று என்னிடம் கேட்டீர்கள்.

இங்கர் கெஞ்சினா. மண்டபத்துக்கு அதைக் கொண்டு போகாதே, இல்லத்து ஜேர்மன் பியானோவைக் கேட்டு வாங்கித்தருகிறேன் என்றா. நீங்கள் கேட்கவில்லை. "அவளுக்குத் தெரிஞ்ச சத்தம் இதுதான்" என்றீர்கள்.

மண்டபத்தில் ஒரே இரைச்சல். கொடி, கோசம், ஒலிபெருக்கி, கத்தும் பிள்ளைகள். உங்கள் முறை வந்ததும் தாழ்ந்த மேடையில் ஏறி, மைக்கில் ஒரே ஒரு வசனம் சொன்னீர்கள். "இது என்ட தங்கச்சி ஜெசிந்தாவுக்கு." அவள் செத்துப்போனாள் என்று சொல்ல வாய் எடுத்தீர்கள். செயலாளர் ஓடிவந்து மைக்கின் வயரைப் பிடுங்கினார். நீங்கள் போய்ப் பியானோவில் இருந்தீர்கள்.

முதலில் மண்டபம் அதைத் தின்றுதான் விட்டது. எனக்கே கேட்கவில்லை, நான் முன்வரிசையில் இருந்தேன். முன்னால் இருந்தவர்கள் என்ன வாசிக்கிறார் என்று கேட்பதற்காகக் கதையை நிறுத்தினார்கள். அவர்கள் நிறுத்தியதும் பின்னால் இருந்தவர்கள் நிறுத்தினார்கள். சந்தையைப் போல இரைந்த மண்டபம் வரிசை வரிசையாக அடங்கியது. கத்துகிற பியானோ என்றால் அதற்கு மேலால் அவர்களும் கத்தியிருப்பார்கள். பிறகு எங்கேயோ நடுவில் ஒரு மனுசி, "என்ர பிள்ளை, என்ர பிள்ளை" என்று நெஞ்சில் அடித்தாள். அது பற்றிக்கொண்டது. அத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த சனம் வாய்விட்டு அழத் தொடங்கியது.

செயலாளர் மேடைக்குப் பாய்ந்தார். "அழாதேங்கோ! ஒருத்தரும் சாகேல்லை! நிப்பாட்டுங்கோ!" என்று அலறினார். நீங்கள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அவர் இரண்டு கையாலும் மூடியைப் பிடித்து, தன் பாரம் முழுவதையும் போட்டு, உங்கள் விரல்களின் மேல் அறைந்தார்.

எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு நீங்கள் எத்தனையோ பேருக்குச் சிரித்துக்கொண்டே சொல்வீர்கள், ஜேர்மன் மூடி என்றால் எட்டு விரலும் போயிருக்கும், பிரெஞ்சுக்காரன் மெல்லிய பலகையில் செய்தபடியால் இரண்டோடு தப்பினேன் என்று. அன்று நீங்கள் சிரிக்கவில்லை. மாட்டைப்போல அலறினீர்கள். மூடியைத் திறந்தபோது வெள்ளைக் கட்டைகள் சிவந்திருந்தன.

நான் இருந்த கதிரையை மடித்தேன், மேடையில் ஏறினேன், செயலாளரின் நெற்றியில் இறக்கினேன். இரும்புக் கதிரை. இன்றுவரைக்கும் அதற்காக நான் ஒருதரம்கூட வருந்தியதில்லை. அவர் விழுந்ததும் அவருடைய ஆட்கள் ஏறினார்கள், என் மனுசன் ஏறினார், பிறகு யார் யாரை அடிக்கிறான் என்றே தெரியவில்லை. செத்தவர்களுக்காக அழவேண்டும் என்றவன் அழக்கூடாது என்றவனின் பல்லை உடைத்தான். ஒருத்தி என் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள், நான் அவளுடைய கையைக் கடித்தேன். யாரோ முட்டியதில் பியானோ மேடையின் விளிம்பால் சரிந்து தரையில் விழுந்தது. இரும்புச் சட்டம் வெடித்து, கம்பிகள் அத்தனையும் ஒன்றாக ஒலித்தன. அந்தச் சத்தம் அடங்கும்வரை ஒருவரும் அசையவில்லை. பிறகு பொலிஸ் வந்தது.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் உங்களையும் செயலாளரையும் ஒரே வரிசையில் இருத்திவிட்டார்கள். நடுவில் நான். நீங்கள் கையைத் துவாயில் சுற்றி மடியில் வைத்திருந்தீர்கள். அவர் நெற்றியில் துணியை அழுத்திக்கொண்டிருந்தார். அந்த மனிதன் வாயைத் திறந்தால் மற்றப் பக்கத்தையும் பிளப்பது என்று நான் இருந்தேன். ஒரு தாதி வந்து உங்கள் முன்னால் குந்தி, வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். பெயர், வயது, ஒவ்வாமை. பிறகு, உங்களுக்கு மிக நெருங்கிய உறவு யார் என்று கேட்டாள்.

எப்போதும் சொல்கிற பழக்கத்தில், "ஜெசிந்தா, தங்கச்சி" என்றீர்கள். அவள் எழுதத் தொடங்கினாள். நீங்கள் நல்ல கையால் அவளுடைய பேனையைத் தடுத்தீர்கள். டேனிஷில், மூன்றே சொல்லில், அவள் செத்துப்போனாள் என்று சொன்னீர்கள். மண்டபம் நிறைந்த சனத்துக்குமுன் தமிழில் சொல்ல விடாததை, பெயர் தெரியாத ஒரு வெள்ளைக்காரிக்கு டேனிஷில் சொன்னீர்கள். அவள் எழும்பவில்லை. உங்கள் முழங்காலில் கை வைத்தபடி அப்படியே இருந்தாள்.

எனக்கு மற்றப் பக்கத்திலிருந்து செயலாளர் தமிழில் கேட்டார். "எப்பவாம்?"

"சண்டை முடிய முன்னம். ரெண்டு நாளோ மூண்டு நாளோ" என்றீர்கள்.

அவர் நெற்றித் துணியை எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார். "என்ர மூத்தவனும் அங்கதான்" என்றார். "கதைச்சுக் கனநாள். மனுசிக்கு நான் சொல்லி வைச்சிருக்கிறன், அவன் வேற பக்கத்தால தப்பிப் போயிட்டான் எண்டு." வாய் கோணியது. அழுகை வருகிற நேரத்தில் எழும்பி வெளியே போய்விட்டார். நீங்கள் என்னைத் தாண்டி அவருக்குக் கை நீட்டப் பார்த்தீர்கள். நான் தட்டிவிட்டேன். "இருங்கோ அண்ணை. கையை முறிச்சவனுக்குக் கையைக் குடுக்கிறியளோ?" என்று சீறினேன்.

தாதி திரும்பவும் மெல்லக் கேட்டாள். அப்படியானால் யாருடைய பெயரை எழுதுவது?

நீங்கள் யோசிக்கவே இல்லை. ரத்தம் ஊறிய துவாயோடு கையைத் தூக்கி என்னைக் காட்டினீர்கள். "இவள்தான் என்ட தங்கச்சி" என்றீர்கள். அவ்வளவு நாளும் புள்ள என்று கூப்பிட்ட வாய். தாதிக்கு விளங்கட்டும் என்று டேனிஷிலும் ஒருமுறை சொன்னீர்கள். என் பெயரின் எழுத்துக்களைக்கூட ஒழுங்காகச் சொல்லமுடியவில்லை.

அந்தப் பெயர் ஆஸ்பத்திரிப் பதிவில் அப்படியே இருந்திருக்கிறது, அண்ணை. தை மாதம் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குத்தான் போன் வந்தது. அவருடைய சகோதரியா என்று கேட்டார்கள். ஓம் என்றேன். என் கைதான் உங்களுக்குக் கோட் போட்டது. வளைந்தபடி பொருந்திய அந்த இரண்டு விரலையும் என் கைக்குள் வைத்துச் சூடாக்கப் பார்த்தேன். பைத்தியக்காரி மாதிரி.

பூசை முடிந்ததும் உறவினர் யாராவது பேசுகிறீர்களா என்று சாமியார் கேட்டார். நான் எழும்பிப் போனேன். கோயில் நிறையச் சனம். எழுதிக்கொண்டு போனதை வாசிக்கவில்லை. "என்ர அண்ணை செத்துப்போனார்" என்றேன், என்னால் எவ்வளவு பெலத்துச் சொல்லமுடியுமோ அவ்வளவு பெலத்து. "அவற்ற தங்கச்சி ஜெசிந்தாவும் செத்துப்போனாள்." பிறகு அங்கேயே நின்று, தலையில் அடித்து, ஊரில் அழுகிறமாதிரி அழுதேன்.

கடைசி வரிசையில் செயலாளர் இருந்தார். கிழண்டு போனார். நெற்றியில் என் கதிரையின் தழும்பு அப்படியே இருக்கிறது. நான் அழத் தொடங்கியதும் அவர் எழும்பி நின்று, தன் மகனின் பெயரைச் சொல்லி வாய்விட்டு ஓலமிட்டார். சாமியார் திகைத்துப் போனார். இரண்டு பெடியங்கள் அவரை வெளியே கூட்டிப்போக எழும்பினார்கள். என் கை அப்போதும் அவரை அடிக்கத்தான் துடித்தது. இன்றைக்கும் துடிக்கிறது, அதை நான் சாகுமட்டும் சுமப்பேன் போலிருக்கிறது. ஆனால் அந்தப் பெடியங்களைப் பார்த்து, "விடுங்கோ, அவர் அழட்டும்" என்று கத்தினது நான்தான், அண்ணை.